இரண்டு பக்கமும் ஒரே மாதிரி

2024 ஜூன் 11, செவ்வாய்க்கிழமை, காலை ஐந்து மணி பத்து நிமிடம். வட்டவளைச் சந்தியில் மழை சாய்வாக அடித்துக்கொண்டிருந்தது. குடை பிடித்ததும் பிடிக்காததும் ஒன்றுதான். என் கைக்கடிகாரம் இரண்டு நிமிடம் முந்தி ஓடும். அதைக் கழித்துத்தான் நேரத்தைச் சொல்கிறேன். கண்டி பஸ்ஸுக்காக நின்றவர்கள் மூன்று பேர்: நான், என் மகள், அவளுடைய ஒன்பது வயதுப் பெண். பேத்தியின் மூளையைப் படம் பிடிக்கப் போய்க்கொண்டிருந்தோம்.

அவளுக்கு மூன்று வயதில் வலிப்பு தொடங்கியது. முதலில் மாதத்துக்கு ஒன்று, பிறகு வாரத்துக்கு ஒன்று. அந்த வருடம் மே மாதத்தில் மட்டும் பதினான்கு. சுவர்க் கலண்டரில் ஒவ்வொரு வலிப்புக்கும் பென்சிலால் ஒரு கோடு போட்டு வந்தேன். முப்பத்தொரு வருடம் தோட்டப் பாடசாலையில் கணிதம் படிப்பித்தவனுக்கு வேறு என்ன செய்யத் தெரியும்? இரண்டு வகை மாத்திரை கொடுத்தும் கோடுகள் குறையவில்லை. முன்பு ஒரு முறை எடுத்த சீ.டி. படத்தில் ஒன்றும் இல்லை என்று எழுதித் தந்திருந்தார்கள். மாதாந்தக் கிளினிக்கில் புதிதாக வந்த இளம் டொக்டர்தான் எம்.ஆர்.ஐ. என்கிற காந்தப் படம் எடுக்க வேண்டும் என்றார். சீ.டி.யில் தெரியாதது அதில் தெரியும், மூளையின் மேற்பரப்பில் ஒரே ஓர் இடத்தில் பிறவிக் கோளாறு இருந்தால் அந்த இடத்தை மட்டும் வெட்டி எடுக்கலாம், பிறகு வலிப்பு நின்றுவிடவும் கூடும் என்றார்.

ஒரே ஓர் இடம். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு எட்டு மாதம் தவணைக்குக் காத்திருந்தேன். எவ்வளவு பெரிய இடம், ஒரு சதக் காசு அளவா, ஒரு பட்டாணி அளவா என்று கேட்டு அந்த டொக்டரை இரண்டு கிளினிக்கில் தொந்தரவு செய்தேன். மூன்றாவது கிளினிக்கில் என்னைக் கண்டதும் அவர், "ஐயா, படம் வரட்டும்," என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

என் மகளுக்கு இந்தப் படத்திலிருந்து வேறொன்று வேண்டியிருந்தது. அவள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள். இந்தப் பெண்ணை ஆறு மாதமாகச் சுமந்திருந்தபோது, ஒரு மழை நாளில் கொழுந்துச் சாக்கோடு மலைச்சரிவில் சறுக்கி விழுந்தாள். அதற்கு முன் அவளுக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்து, ஐந்தாம் மாதம் வலிப்பு வந்து இறந்திருந்தது. காய்ச்சல் வலிப்பு என்று தோட்டத்து ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். பேத்திக்கும் வலிப்பு வந்த நாளிலிருந்து, எங்கள் லயத்தில், அந்த ஒற்றை வரிசைத் தோட்ட வீடுகளில், அடுத்த காம்பராவில் இருக்கும் என் சம்பந்தியம்மாளுக்கு அந்தச் சறுக்கல்தான் பேச்சு. பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது, விறகு கட்டும்போது, யாராவது விருந்தாளி வந்தால் அவர்களிடம்.

"சறுக்கி விழுந்தது ஒருத்தி, அனுபவிக்கிறது நாங்க."

தான் விழுந்ததுதான் காரணம் என்று மகளும் நம்பினாள். கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்யும் மருமகன் மாதத்துக்கு ஒரு முறை வந்துபோகும்போது, இன்னொரு பையன் பிறந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டுப் போவார்.

பஸ் ஐந்தே முக்காலுக்கு வந்தது. மூன்றாவது வரிசை ஆசனத்துக்கு மேலே கூரை ஒழுகியதால் நான் குடையை விரித்தபடி உட்கார்ந்தேன்.

"ஐயா, குடைய மடக்குங்க. பஸ்ஸுக்குள்ளயும் மழையா?" என்றான் கொண்டக்டர்.

"உன் பஸ்ஸுல உள்ளுக்குத்தாம்ப்பா மழை கூட."

"அப்போ டிக்கட்டோட குளிக்கிறதுக்கும் சேர்த்துல்ல காசு எடுக்கணும்!"

பேத்தி சிரித்தாள். அவளுக்குக் கேலி விளங்கும். கூட்டல் கணக்குத்தான் விளங்காது. ஏழும் இரண்டும் எத்தனை என்று கேட்டால் என் முகத்தைப் பார்த்து விடையைத் தேடுவாள்.

"தாத்தா, போட்டோ புடிக்கிறப்ப சிரிக்கணுமா?"

"நீ தூங்கிருவ கண்ணு. மருந்து குடுத்துத் தூங்க வச்சிருவாங்க. அசையக் கூடாதுல்ல."

"தூங்குனா கண்ணு மூடியிருக்குமே. போட்டோ நல்லா வராதே."

"இது உள்ளுக்குள்ள புடிக்கிற போட்டோ."

அவள் அதை யோசித்துக்கொண்டே வந்தாள். கினிகத்தேனை தாண்டியதும் நான் கடிகாரத்தைப் பார்த்து, "ஆறரை. மாத்திரை நேரம்," என்றேன். மாத்திரையை வழக்கம்போலக் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். மகள் பையிலிருந்து பிளாஸ்கை எடுத்தாள். அந்த மாத்திரை கசப்பு. பால்மா போட்ட தேத்தண்ணியோடு கொடுத்தால்தான் பேத்தி விழுங்குவாள். அவளுக்கு முக்கால் கோப்பை. மீதியை நானும் மகளும் மூடியில் ஊற்றிப் பகிர்ந்து குடித்தோம்.

ஆஸ்பத்திரியில் எல்லாம் நேரத்துக்கு நடந்தது. பத்து மணித் தவணை. ஒன்பதே காலுக்கே பேத்திக்குப் பச்சை உடுப்பு மாட்டி, கழுத்துக் கயிற்றிலிருந்த தாயத்தைக் கழற்றி என் கையில் தந்துவிட்டார்கள். சிங்களத் தாதி ஒருவர் வந்து, தமக்குத் தெரிந்த தமிழில் கேட்டார்.

"சாப்பாடு?"

"ஒன்னும் குடுக்கலீங்க மிஸ். ராத்திரி எட்டு மணியோட சரி," என்றாள் மகள்.

"தண்ணி?"

"இல்லீங்க மிஸ்."

தாதி எழுதினார். எழுதியவர் நிறுத்தி, மகளின் முகத்தை ஒரு தடவை பார்த்தார்.

"தே?"

மகள் இயல்பாகச் சொன்னாள்: "தேத்தண்ணி குடிச்சா. மாத்திரைக்கு."

"பால்?"

"பால் போட்டுத்தாங்க."

தாதி பேனையை வைத்துவிட்டார். பக்கத்திலிருந்த மற்றத் தாதியிடம் சிங்களத்தில், "தோட்டத்துக்காரர்களுக்குத் தேத்தண்ணி வயிற்றுக் கணக்கிலேயே வராது," என்றார். எனக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். அவர் இளப்பமாகச் சொல்லவில்லை; களைப்பாகச் சொன்னார். எங்களைப்போல் பலரை அவர் பார்த்திருக்க வேண்டும். அது உண்மையும்கூட. விடியற்காலை வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகிற ஒவ்வொருத்தியும் இரண்டு கோப்பை தேத்தண்ணி குடித்துவிட்டு, "வெறும் வயித்தோட மலைக்குப் போறேன்" என்றுதான் சொல்வாள். வெறும் வயிற்றோடு கூட்டி வாருங்கள் என்று எங்களுக்குச் சொன்னார்கள். கூட்டி வந்தோம்.

மயக்க மருந்து டொக்டர் வந்து விளக்கினார். மயக்கத்தில் வயிற்றிலுள்ள பால் மேலே வந்து நுரையீரலுக்குள் போய்விடலாம். ஆறு மணித்தியாலம் கழிய வேண்டும். அவருடைய வேலை நேரம் அதற்குள் முடிந்துவிடும். அடுத்த தவணை ஜனவரி. ஏழு மாதம். மாதத்துக்குப் பதினான்கு என்றால் தொண்ணூற்றெட்டு. அந்தப் பெருக்கலை என் மனம் கேட்காமலே செய்தது.

திரும்பும் பஸ்ஸில் நாவலப்பிட்டிக்குக் கிட்ட பேத்திக்கு வலிப்பு வந்தது. மகள் அவளைப் பக்கவாட்டில் திருப்பி, எச்சிலைத் தன் முந்தானையால் துடைத்தாள். முன் ஆசனத்துக்காரர் எழுந்து பின்னால் போய்விட்டார். நான் நேரம் பார்த்தேன். ஒரு நிமிடம் ஐம்பது வினாடி. வீட்டுக்கு வந்ததும் கலண்டரில் ஒரு கோடு.

என் மனைவி இறந்தபோது இரண்டு வளையல்களை விட்டுப்போனாள். பேத்திக்கு என்று வைத்திருந்தேன். அவற்றை ஹட்டனில் அடகு வைத்தேன், ஆக அது பேத்திக்குத்தான். ஜூலை 3, புதன்கிழமை, வேன் பிடித்து, படம் எடுக்கும் தனியார் இடம் ஒன்றுக்குப் போனோம். இந்த முறை பிளாஸ்க் இல்லை. மாத்திரையை ஒரு கரண்டித் தண்ணீரில் கொடுத்தபோது பேத்தி இரண்டு தடவை துப்பினாள். இரண்டு தடவையும் வேனின் தரையிலிருந்து நான்தான் பொறுக்கித் துடைத்துக் கொடுத்தேன்.

மூடிய கதவுக்கு வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்தோம். உள்ளே அந்த மெஷின், தகரத்தைச் சுத்தியலால் அடிப்பதுபோல் ஒரே சீராக இடித்தது. எண்ணத் தொடங்கினேன். இருநூறைத் தாண்டியதும் சத்தம் வேறு விதமாக மாறியது, எண்ணிக்கை தவறிப்போனது. மகள் கேட்டாள்:

"அப்பா, விழுந்த அடி அதுல தெரியுமா?"

"தெரியலாம்."

"தெரிஞ்சா எந்த மாதிரி தெரியும்? ரத்தம் கட்டுன மாதிரியா?"

எனக்குத் தெரியவில்லை. பழைய அடி அப்படியெல்லாம் தெரியாது என்று சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள், நம்பவில்லை.

படத்தை விளக்கும் நரம்பு டொக்டரை ஜூலை 10ஆம் திகதி பார்க்கக் கிடைத்தது. பேத்தியைச் சம்பந்தியம்மாளிடம் விட்டுவிட்டு நானும் மகளும் மட்டும் போனோம். டொக்டர் யாழ்ப்பாணத்துக்காரர், நாற்பது வயது இருக்கும். படங்களைத் திரையில் போட்டு, அதை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார்.

"இஞ்ச பாருங்கோ ஐயா. வெளியில இந்தச் சாம்பல் நிறம், அதுதான் மூளையின்ர மேற்பட்டை. அதுக்குக் கீழ வெள்ளை. எல்லாருக்கும் இப்பிடித்தான் இருக்கும். இவவுக்கு அந்த வெள்ளைக்குள்ள திரும்பவும் ஒரு சாம்பல் பட்டை ஓடுது. தெரியுதோ?"

தெரிந்தது. வெளிப் பட்டைக்குள்ளே இன்னொரு பட்டை, கையால் வரைந்ததுபோல், நெற்றியிலிருந்து பின்தலை வரை வளைந்து போயிற்று. நான் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு கேட்டேன்:

"எந்தப் பக்கம் டொக்டர் அதிகம்?"

"ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி."

வகுப்பில் தாளை மடித்து மை ஒற்றி விரித்துக் காட்டிச் சமச்சீர் படிப்பித்திருக்கிறேன். பிள்ளைகள் கை தட்டுவார்கள். அந்தத் திரையில் இருந்ததும் அதுதான். நடுவில் கோடு போட்டு மடித்தால் இடது பட்டை வலது பட்டையின் மேல் சரியாகப் பொருந்தும். எட்டு மாதத்துக்கு மேலாக நான் வேண்டிக்கொண்டது ஒரு பக்கத்தில், ஓர் இடத்தில், பொருந்தாத ஒரு புள்ளி.

"அப்ப, வெட்டி எடுக்கிறது?"

"எங்கயெண்டு வெட்டுறது ஐயா? முழுக்க ஓடுது. ஒப்பரேஷனுக்கு இடமில்லை. மருந்தை மாத்திப் பார்க்கலாம். கொஞ்சம் குறையும். நிக்குமெண்டு நான் சொல்லமாட்டன்."

மகள் அப்போதுதான் வாய் திறந்தாள். "நான் ஆறு மாசத்துல விழுந்துட்டேங்க டொக்டர். கொழுந்துச் சாக்கோட."

டொக்டர் திரையிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தார். "விழுந்ததால இல்லைப் பிள்ளை. மூளைக் கலங்கள் நடுவில பிறந்து வெளிப்பக்கமா நடந்து போகவேணும். அது மூண்டாம் நாலாம் மாசத்து வேலை. கொஞ்சம் போய்ச் சேர்ந்திட்டுது. மிச்சம் பாதி வழியில நிண்டிட்டுது. நீங்கள் விழ முன்னமே எல்லாம் நடந்து முடிஞ்சுது."

"நின்னதுங்க இனிமே நடக்காதுங்களா?"

"இல்லை. அதுகள் அங்கயே தங்கிட்டுதுகள். தங்கின இடத்திலயிருந்துதான் வலிப்பு வருகுது."

என் மகள் அழுதாள். ஆறு வருடத்து அழுகை அது. வருத்தத்தில் வந்ததில்லை என்று எனக்கு விளங்கியது. நான் அவள் முதுகில் கை வைத்தேன். ஒரு நிமிடமாவது அவளை அப்படியே விட்டிருக்கலாம். டொக்டர் கேட்க வேண்டியதைக் கேட்டார்.

"இவவுக்கு முன்ன பின்ன ஆம்பிளைப் பிள்ளையள் இருந்ததோ?"

"ஒரு பையன் இருந்தான். அஞ்சு மாசத்துல..."

"வலிப்பு வந்ததோ? தலை நிண்டதோ?"

"வந்துச்சுங்க. தலை நிக்கவே இல்லீங்க."

டொக்டர் பேனை மூடியைக் கழற்றி மாட்டினார். பிறகு மெதுவாகச் சொன்னார். இந்த வகைக் கோளாறு தாய் வழியாக வரக்கூடியது. பெண் பிள்ளைக்கு வந்தால் இப்படி இரட்டைப் பட்டை. ஆண் பிள்ளைக்கு வந்தால் இன்னும் மோசம்: மேற்பரப்பில் மடிப்பே விழாமல் மூளை வழவழப்பாக இருந்துவிடும், அநேகமாக அந்தப் பிள்ளைகள் நிலைப்பதில்லை. நிச்சயமாகச் சொல்ல இரத்தப் பரிசோதனை வேண்டும். அதை இந்தியாவுக்கு அனுப்பித்தான் செய்ய வேண்டும்.

"அடுத்த பிள்ளையைப் பற்றி யோசிக்க முன்னம் அதைச் செய்யுங்கோ. அவசரப்படாதேங்கோ."

அதன் விலையையும் சொன்னார். நான் இன்னொன்று கேட்டேன்.

"மகளுக்கு எங்கேயிருந்து டொக்டர்? என் வழியிலா?"

"இல்லை ஐயா. அவவின்ர தாய்க்கு லேசா இருந்திருக்கலாம். இல்லையெண்டா இவவிலயே புதுசாத் தொடங்கியிருக்கலாம். உங்களுக்கு இருந்திருந்தா நீங்கள் இப்ப இதில இருந்து கணக்குக் கேட்டுக்கொண்டு இருக்கமாட்டியள்."

என் நெஞ்சு இலேசானது. ஒரு மூச்சு விட்டேன், சத்தமாகவே. திரும்பிப் பார்த்தபோது மகள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் மனைவி வளையல்களை விட்டுப்போனதை முன்பே சொன்னேன். அவள் வேறு என்ன விட்டுப்போனாளோ, அதைக் கேட்க அவளும் இல்லை.

கண்டி பஸ் நிலையத்தில் இரண்டு பேருக்கும் தேத்தண்ணி வாங்கினேன். மகள் குடிக்கவில்லை, ஆறவிட்டுக் கீழே ஊற்றினாள். பஸ் கம்பளை தாண்டியது. பிறகு ஜன்னல் பக்கம் பார்த்தபடியே கேட்டாள்.

"அப்பா, அத்தைகிட்ட என்னா சொல்லப் போறீங்க?"

"படத்துல இருக்கிறதைத்தான். நீ விழுந்தது காரணமில்லன்னு டொக்டரே சொல்லிட்டாரே. இத்தனை வருஷமா அந்தப் பொம்பள பேசுன பேச்சுக்கு..."

"வேணாங்கப்பா."

"ஏன் வேணாம்?"

"விழுந்தேன்னா, அன்னைக்கு ஒரு நாள் கால் சறுக்குன தப்பு. ரத்தத்துல இருக்குன்னு சொன்னா ரெண்டு புள்ளையையும் நானே தின்னேன்னு ஆயிரும். அவரு காதுக்குப் போச்சுன்னா அடுத்த மாசத்துலயிருந்து லயத்துப் பக்கமே வரமாட்டாரு. அந்தப் புள்ளைய வச்சிக்கிட்டு நான் எங்க போறது?"

"அவருக்கு இன்னொரு பையன் வேணுமாமே. அதுக்கு என்ன சொல்லுவ?"

"அத நான் பாத்துக்கிறேன். பொம்பளைக்குத் தெரியாத வழியா? நீங்க விழுந்ததுதான்னு சொல்லிருங்க. எனக்கு அது பழகிப்போச்சு."

என் மடியில் படங்கள் இருந்த பெரிய உறை. மழை படாமல் மகள் அதைச் சேலைத் துண்டில் சுற்றியிருந்தாள். கினிகத்தேனையில் இறங்கிய யாரோ ஒருவர், "பாட்டி படமாங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார். மாலை கட்டிச் சுவரில் தொங்கவிடப் பெரிதாக்கிய படம் என்று நினைத்திருப்பார்.

லயத்துக்கு ஏறியபோது ஐந்து மணி ஐந்து நிமிடம். தூறல். சம்பந்தியம்மாள் வாசலில் நின்றார். பேத்தி அவர் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் பேத்தியின் தலையைச் சீவி, பொட்டு வைத்து, அன்றைக்கு மத்தியானம் வந்த வலிப்பில் கடிபட்ட உதட்டுக்குத் தேங்காயெண்ணெய் தடவியிருந்தார். அதையும் சொல்ல வேண்டும்.

"என்னா சம்பந்தி, படம் என்னா சொல்லுது?"

மகள் என்னைத் தாண்டி உள்ளே போய்விட்டாள். பிளாஸ்கைக் கழுவும் சத்தம் கேட்டது. நான்கு வாரமாக அந்தப் பிளாஸ்கை அவள் தொட்டதில்லை.

"விழுந்ததுலதாங்க," என்றேன்.

"நான் அன்னைக்கே சொன்னேன்ல? ஒரு மெஷினும் இல்லாம சொன்னேன்ல? வெட்டி எடுக்கிறதுக்கு?"

"முடியாதாம்."

அவர் முகம் ஒரு கணம் வாடியது. அவரும் அந்த ஓர் இடத்துக்காகக் காத்திருந்தார் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. பேத்தி என் கையிலிருந்த உறையை இழுத்தாள்.

"தாத்தா, என் போட்டோ நல்லா வந்துச்சா?"

"நல்லா வந்துச்சு கண்ணு. ரொம்பத் தெளிவா வந்துச்சு."

"கண்ணு மூடியிருந்துச்சா?"

"அது தெரியலை."

சம்பந்தியம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"எனக்குத் தெரிஞ்சதையே தெரிஞ்சிக்கிட்டு வர்றதுக்கு, இந்த வயசுல மலை எறங்கி எறங்கி ஏறியிருக்கீங்க. வளையலையும் வச்சிட்டீங்களாம். எம்புட்டு ஆச்சு சம்பந்தி?"

வழியிலேயே இரண்டு முறை கூட்டியிருந்தேன். இரண்டு முறையும் ஒரே விடைதான் வந்தது. முதல் பயணத்து பஸ் காசு, அன்று கண்டியில் சாப்பிட்டது, வேன், படமும் மயக்க மருந்தும், டொக்டர் காசு, இன்றைய பஸ், கீழே ஊற்றிய ஒரு தேத்தண்ணியும் நான் குடித்த ஒன்றும். மகள் மலைக்குப் போகாத மூன்று நாள் சம்பளத்தைச் சேர்க்க வேண்டாம் என்று அவளே சொல்லியிருந்தாள்.

"எழுபத்திரண்டாயிரத்து முந்நூற்று நாற்பது ரூபா," என்றேன்.